மனச்சோர்வை அளக்கும் மூன்று கேள்வித்தாள்கள்

மனச்சோர்வில் இருக்கும் ஒருவர் நாளெல்லாம் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனச்சோர்வை மதிப்பெண்ணால் அளக்கும் மூன்றில் ஒன்றான ஹாமில்டன் அளவுகோலில் தூக்கத்துக்கு மட்டும் மூன்று கேள்விகள்; மதிப்பெண் கூடினால் நோய் தீவிரம். ஆனால் மூன்றும் தூக்கமின்மை பற்றியவை. அவருக்கு அங்கே கிடைப்பது சுழியம். பிஹெச்க்யூ-9 (PHQ-9) என்ற இரண்டாவது கேள்வித்தாளில் தூக்கம் கெட்டாலும் கூடினாலும் ஒரே கேள்வி, 3 மதிப்பெண் வரை. மூன்றாவதான பெக் கேள்வித்தாளின் 1961 வடிவம் தூக்கம் குறைவதை மட்டும் கேட்டது. 1996 திருத்தத்தில்தான் அதிகத் தூக்கமும் சேர்ந்தது. மனச்சோர்வு என்றால் என்ன என்ற வரையறை இப்படிக் கேள்விகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

ஹாமில்டன் அளவுகோல் 1960-ல் வந்தது. பரவலாகப் பயன்படுவது 17 கேள்வி வடிவம். மருத்துவர் பேசிப் பார்த்து மதிப்பெண் போடுவார், மொத்தம் 52. ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவருக்கு அது எவ்வளவு தீவிரம் என்று பார்க்க உருவானது. மருந்து ஆய்வுகளில் பல பத்தாண்டுகள் இதுதான் கோலோச்சியது. எனக்கு இதில் பெரிய உறுத்தல் உண்டு. தூக்கம் வரவைக்கும் மருந்தைக் கொடுத்தால், மனசு தெளியாமலேயே மதிப்பெண் 6 வரை இறங்கலாம். அதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?

மனநல மருத்துவர் ஆரோன் பெக்கினுடையது நோயாளியே நிரப்புவது. 21 கேள்விகள், மொத்தம் 63. நோயின் மையத்தில் இருப்பது எதிர்மறை எண்ணங்கள் என்று நம்பியவர் அவர். அதனால் குற்ற உணர்வு, தோற்றுவிட்டோம் என்ற நினைப்பு, தன்மேலேயே வெறுப்பு எல்லாம் தனித்தனியாக வரும். பேச்சு சிகிச்சையில் இருப்பவருக்கு இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

பிஹெச்க்யூ-9 சின்னது, இலவசம். கடந்த இரண்டு வாரம் பற்றி ஒன்பது கேள்விகள், மொத்தம் 27. 10-ஐத் தொட்டால் மேலும் விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவுக்கு இதைவிட வசதியானது இல்லை.

சரி, மூன்றும் சுற்றி வளைத்து ஒன்றைத்தானே அளக்கின்றன? அப்படி நம்ப முடியவில்லை. உளவியலாளர் ஐகோ ஃப்ரீட் 2017-ல் ஏழு மனச்சோர்வு அளவுகோல்களை ஒப்பிட்டார். அவற்றில் மொத்தம் 52 வெவ்வேறு அறிகுறிகள் இருந்தன. 40 சதவீதம் ஏதாவது ஒரே ஒரு அளவுகோலில் மட்டும் இருந்தவை.

அதனால் கூட்டுத்தொகையோடு நிறுத்திவிடாமல், எந்தக் கேள்விக்கு எவ்வளவு என்று பாருங்கள். முக்கியமாக பிஹெச்க்யூ-9-ன் கடைசிக் கேள்வி. அது சாவது மேல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணங்களைப் பற்றியது. மொத்தம் 4 மட்டுமே என்றாலும், அந்தக் கேள்விக்கு 1 இருந்தால் அன்றைக்கே உட்கார்ந்து பேசியாக வேண்டும்.