இரண்டு வருடம் கைனடிக் மணலோடு

"ஒட்டாது, சிந்தாது" என்று டப்பாவில் போட்டிருந்ததை நம்பித்தான் கைனடிக் மணலை, அதாவது பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே பிசைந்து விளையாடும் மணலை, வாங்கினோம். இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஒட்டாது என்பது முக்கால்வாசி உண்மை. சிந்தாது என்பது சுத்தப் பொய்.

வாங்கியபோது பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு மூன்று முடிந்திருந்தது. அதற்கு முன்பு வீட்டில் ப்ளே டோ என்ற விளையாட்டு மாவுதான். ஒரு ராத்திரி மூடி வைக்க மறந்தால் மறுநாள் கல்லாகிக் கிடக்கும், விரிப்பில் மிதிபட்டால் பழைய பல் பிரஷ்ஷை வைத்துத் தோண்ட வேண்டும். இந்த மணல் அப்படிக் காய்வதில்லை. 98 சதவீதம் மெல்லிய மணல், மீதி 2 சதவீதம் சிலிகான் எண்ணெய், அவ்வளவுதான். ஈர மணலில் கட்டிய வீடு தண்ணீர் வற்றியதும் உதிர்ந்துவிடும். இதில் மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்த எண்ணெய், அது ஆவியாகிப் போவதில்லை. அன்று வாங்கியதையேதான் இன்றும் பிசைகிறார்கள்.

சின்னவன் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கி அமுக்குவான், கையைத் திறந்தால் உள்ளங்கை ரேகை முழுக்க மணலில் பதிந்திருக்கும், அதை அவன் ரசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த உருண்டை மெல்ல இளகி விரலிடுக்கில் நூல் நூலாக வழியத் தொடங்கும். சத்தமே போடாமல் இருபது நிமிடம் இதையே செய்வான். பிளாஸ்டிக் கத்தியால் துண்டு போட்டால் வெட்டுமுகம் அவ்வளவு வழவழப்பாக வரும், எனக்கே கை துறுதுறுக்கும் (பிள்ளைகள் தூங்கிய பிறகு வெட்டியிருக்கிறேன், யாரிடமும் சொல்ல வேண்டாம்).

ஆனால் கட்டட வேலைக்கு இது சுமார்தான். குட்டையான சுவர், அச்சில் அமுக்கி எடுத்த கோபுரம் எல்லாம் நிற்கும், ஒரு ஜாண் உயரத்துக்கு எழுப்பினால் கொஞ்ச நேரத்தில் தானாகவே வயிறு தள்ளிச் சரிந்துவிடும். பெரியவள் முதலில் அழுதாள். அப்புறம் அவளாகவே மரக்கட்டைகளை உள்ளே நட்டு, மேலே மணலைப் பூசிச் சுவர் எழுப்பக் கற்றுக்கொண்டாள், இப்போதெல்லாம் கட்டை இல்லாமல் மணலைத் தொடுவதே இல்லை. கூடவே வந்த சல்லடையும் புனலும் வீண். ஒன்றோடொன்று ஒட்டும் மணல் புனலில் எப்படி இறங்கும்?

சரி, சுத்தம். முதல் மாதம் சின்னத் தட்டில் வைத்துக் கொடுத்து, கூடம் முழுக்க நறநறவென்று மணலோடு நடந்தோம். பிறகு கட்டிலுக்கு அடியில் துணி வைக்கும் அகலமான மூடி போட்ட பெட்டி ஒன்றைக் காலி செய்து அதிலேயே கொட்டினோம். ஒரு சாண் உயர விளிம்பு இருப்பதால் பாதித் தொல்லை போயிற்று. கீழே பழைய படுக்கை விரிப்பு, விளையாடி முடித்ததும் நான்கு மூலையையும் சேர்த்துத் தூக்கிப் பெட்டிக்குள் உதறிவிடலாம். அதற்கும் தப்பிய துணுக்குகளைத் துடைப்பத்தால் தள்ளாதீர்கள், நாலா பக்கமும் ஓடும். மணலையே ஓர் உருண்டையாகப் பிடித்து ஒற்றி எடுத்தால் எல்லாம் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இது பெரியவளின் வேலை, அதையும் விளையாட்டாகத்தான் நினைக்கிறாள். பெட்டியைத் திறக்கிறவர்கள்தான் மூட வேண்டும் என்பது சட்டம், பத்துக்கு ஏழு தடவை நடக்கிறது.

ஒருமுறை சின்னவன் ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டான். கொழகொழவென்று ஆகிவிட்டது, போச்சு என்றுதான் நினைத்தேன். அகலமாகப் பரப்பிக் காற்றாட இரண்டு நாள் விட்டதில் பழையபடி சேர்ந்துகொண்டது. ஈரக்கையோடு தொடக் கூடாது என்ற சட்டம் அன்றிலிருந்துதான். தொட்டியில் கழுவிவிடவும் வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும்.

குறை என்றால் நிறம். நீலமும் இளஞ்சிவப்பும் தனித்தனியாக வாங்கினோம், இரண்டாம் வாரத்தில் கலந்து இப்போது அழுக்கு ஊதா. தலைமுடி, நூல் எல்லாம் சேர்கிறது, நானேதான் பொறுக்குகிறேன். இரண்டு கிலோவில் ஒன்றரை கிலோ மிஞ்சியிருக்கலாம். எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் இப்போதைக்கு வாங்காதீர்கள், டப்பாவிலும் மூன்று வயதுக்கு மேல் என்றுதான் இருக்கிறது.

இன்னொரு பாக்கெட் வாங்கலாம் என்று இருக்கிறேன். இந்தத் தடவை ஒரே நிறம்.