பண்ணைக் கடல் தெரிகிற அறைக்கு மேலதிகக் காசு கொடுக்கலாமா?

யாழ்ப்பாண நகரத்துக்குள் இருக்கிற மாடி ஹொட்டேல்களில் அறை பதியப் போனால், "கடற்பக்கம் வேணுமா, றோட்டுப் பக்கம் போதுமா?" என்று கேட்பார்கள். நாங்கள் தங்கிய இடத்தில் இரண்டுக்கும் இடையில் இரவுக்கு 5,000 ரூபாய் வித்தியாசம். பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டுப் படுக்க மட்டும் வருகிறவர்களுக்கு அந்தக் காசு வீண். நான் பதிந்தது கனடாவிலிருந்து வந்த பெரியம்மாவுக்கு. முழங்கால் வருத்தத்தால் அவரால் படி ஏறி இறங்க ஏலாது. நாங்கள் காணி அலுவலாகக் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) சொந்தக்காரர் வீடுகளுக்கும் அலைந்த நேரமெல்லாம் அவர் அறையில்தான் இருந்தார். அவருக்கு அந்த யன்னல்தான் யாழ்ப்பாணம். கொடுத்த காசு ஒவ்வொரு ரூபாயும் தகும் என்பேன்.

யாழ்ப்பாணத்தில் உயரமான கட்டடங்கள் குறைவு. அதனால் மேல் மாடி ஒன்றில் நின்றாலே ஊர் விரிந்து கிடக்கும். எங்கள் அறைக்குத் தெற்கும் கொஞ்சம் மேற்கும் தெரிந்தன. கோட்டையின் கொத்தளங்களும் அகழியும் ஒரு பக்கம். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐந்து மூலையாகத் திருத்திக் கட்டினார்கள். கீழே நின்று பார்த்தால் வெறும் மதில்தான் தெரியும். அது வளைந்து போகிற விதம் மேலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். இந்தப் பக்கம் பொது நூலகத்தின் வெள்ளைக் குவிமாடம். 1981இல் அது எரிந்ததற்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர் பெரியம்மா. காலையில் திரைச்சீலையை விலக்கியதும் முதலில் அதைத்தான் தேடுவார். நிறைய நேரம் ஒன்றும் கதைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு பண்ணைக் கடல். உண்மையில் அது அலையடிக்கிற கடல் இல்லை, ஆழம் குறைந்த கடலேரி. நீலக் கடலை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறலாம். ஆனால் பார்க்க அலுக்காது. மீன் பிடிக்கக் கட்டிய சிறகுவலைக் கம்புகள் வரிசையாக நிற்கும், இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் நடந்து போவார்கள், பண்ணை வீதியில் தீவுப் பக்கத்து பஸ்கள் ஓடும். "உதுதானே மண்டைதீவு? அங்கால வேலணை, என்ன தம்பி?" என்று பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் சின்னவளுக்கு ஊரின் வரைபடத்தை அந்த யன்னலில் வைத்தே அவர் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

கடற்பக்கம் என்றால் சூரியன் மறைவதும் தெரியும் என்று நினைத்து விடாதீர்கள். இதை யாரும் சொல்வதில்லை. நகரத்துக்குத் தெற்கே தண்ணீர் இருப்பதால் பல அறைகள் தெற்கு நோக்கியே இருக்கும். நாங்கள் போனது மார்கழியில். அப்போது சூரியன் தென்மேற்கில் இறங்குவதால், மழை விட்ட மாலைகளில் தண்ணீர் முழுக்கச் சிவந்து, அவ்வளவு வடிவு! ஆனால் ஆனி, ஆடியில் சூரியன் வடமேற்கில் மறையும். தெற்கு யன்னலில் அது தெரியவே தெரியாது. அதற்குப் பதிலாக அந்த மாதங்களில் தெற்கு யன்னலில் நேர் வெயில் விழாது, அறை சூடாகாது. மார்கழியில் சரிந்த வெயில் பகல் முழுக்க உள்ளே வரும். மேற்குப் பார்த்த அறை என்றால் எந்த மாதமும் பின்னேர வெயில் நிச்சயம்.

குறைகளும் சொல்ல வேண்டும். முதலில் தந்த அறை கீழ் மாடியில். கடற்பக்கக் கட்டணம், ஆனால் கண்ணில் பட்டது பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கியும் தகரக் கூரையும்தான். ஓர் ஓரத்தில் துண்டாகத் தண்ணீர் தெரிந்தது. அதைக் காட்டி "இதுவும் கடற்பக்கம்தான்" என்றார்கள். நல்ல நேரம் கதைத்த பிறகே மேலே மாற்றித் தந்தார்கள். வயது போனவரை வரவேற்பு மேசைக்கு முன்னால் அவ்வளவு நேரம் இருக்க வைத்தது எனக்குச் சரியான கோபம். அடுத்தது, மேல் மாடி யன்னல் திறபடாது. வெளியே மார்கழிக் குளிர்காற்று, உள்ளே ஏசி. கண்ணாடியின் வெளிப்பக்கம் உப்பும் தூசியும் படிந்திருந்தது. கேட்ட பிறகு துடைத்தார்கள். காட்சிக்கென்று காசு வாங்குகிறவர்கள் கேட்காமலே கண்ணாடியைத் துடைக்க வேண்டும்.

சாப்பாடு நன்று. காலை இடியப்பமும் சொதியும் சூடாக வந்தன.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் கடற்பக்கத்தை யோசிக்கவே வேண்டாம். அந்த 25 நாளும் மனம் கோயிலில்தான் இருக்கும். அந்தக் காசுக்கு நல்லூரடியில் நடந்து போகிற தூரத்தில் அறை தேடுங்கள். வீதிகளை மறித்துவிடுவார்கள் என்பதால் வாகனம் கிட்டப் போகாது. விடியக் குறிகட்டுவான் போய் நயினாதீவுக்குப் படகு ஏறி, கீரிமலையும் பார்த்து இருட்டித் திரும்புகிறவர்களுக்கு றோட்டுப் பக்க அறையே போதும்.

அறையிலேயே இருக்கப் போகிற வயதானவர்களோ குழந்தைப்பிள்ளைக்காரரோ என்றால் தயங்காமல் எடுங்கள். பதிவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்: எத்தனையாம் மாடி, யன்னல் எந்தத் திசை, முன்னால் கட்டடம் ஏதும் மறைக்கிறதா, யன்னலைத் திறக்கலாமா. அந்த அறையின் படத்தையே போனில் அனுப்பச் சொல்லுங்கள். முழங்கால் வருத்தக்காரர் கூட வந்தால், கரண்ட் போனால் லிப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா என்பதை எல்லாவற்றுக்கும் முதல் கேளுங்கள்.