சிறுநீரக நோயாளிக்குப் புறோபயோட்டிக்: கொழும்புப் பார்மசிகளில் எதை வாங்கலாம், எதை விடலாம்

வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டிப் பக்கம் காலி வீதிப் பார்மசிகளில் புறோபயோட்டிக் (குடலுக்கு நல்லதென்று எடுக்கும் உயிருள்ள நுண்ணுயிர்கள்) கேட்டால் நாலைந்து பெட்டிகளை எடுத்து வைப்பார்கள். சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கூடும் கழிவான கிரியாட்டினினைக் குறைக்கும் என்று நம்பி வாங்குவதானால் வேண்டாம். 45 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்த 2023 கொக்ரேன் மீளாய்வில், இவை சிறுநீரக நோயை மெதுவாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆனாலும் சிறுநீரக நோயாளிக்கு இவற்றைக் கொடுத்துப் பார்ப்பதற்குப் பின்னால் நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. பெருங்குடல் பக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைப்பதால் இன்டொக்சில் சல்பேற், பி-கிரெசில் சல்பேற் போன்ற நச்சுகள் உருவாகின்றன. இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் டயலிசிஸும் இவற்றைச் சரியாக அகற்றாது. 2016இல் வெளியான சிறிய அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், பக்டீரியாவும் அதற்கு உணவாகும் நாரும் சேர்ந்த கலவை 6 வாரத்தில் பி-கிரெசில் சல்பேற்றைக் குறைத்தது. இன்டொக்சில் சல்பேற் பெரிதாக அசையவில்லை.

அதனால் மலச்சிக்கல் உள்ளவருக்கு எங்கள் முதல் தெரிவு மலிவான லக்டுலோஸ் பாணிதான். அதுவும் பிறிபயோட்டிக்தான், அதாவது குடலின் நல்ல பக்டீரியாவுக்கு உணவு. சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொற்றாசியம் குடல் வழியாக வெளியேறுவது முக்கியம். மலம் கட்டினால் அதுவும் தேங்கும். கல்சியம் காபனேற், பொற்றாசியம் குறைக்கும் தூள் எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். அளவை வைத்தியர் சொல்லட்டும். வேலை செய்ய 1–2 நாள் எடுக்கும். அவசரப்பட்டுக் கூட்டினால் வயிற்றோட்டம் வந்து, நீரிழப்பால் சிறுநீரகம் இன்னும் அடிபடும். மக்னீசியப் பாணிகளைத் தொடவே வேண்டாம்.

இனியுலின் (தாவர நார்) தூளும் நல்லதே. ஒரு நாளைக்கு 2–3 கிராமில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்லக் கூட்டவேண்டும். முதல் நாளே 10 கிராம் குடித்தால் வயிறு ஊதிப்போகும். பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். இசப்கோல் ஒவ்வொரு முறையும் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்கும். தண்ணீர் போதாவிட்டால் வீங்கி அடைக்கும். குடிக்கும் அளவு கட்டுப்படுத்தப்பட்ட டயலிசிஸ் நோயாளிக்கு அது ஒத்துவராது.

கப்சூல்தான் வேண்டும் என்றால் பெட்டியின் பின்பக்கத்தை வாசியுங்கள். பக்டீரியா வகைகளின் முழுப்பெயர் இருக்கவேண்டும். உயிருள்ள எண்ணிக்கை காலாவதித் திகதி வரைக்குமா, தயாரித்த அன்றைக்கு மட்டுமா என்று பாருங்கள். இரண்டாவதென்றால் கொழும்பு வெக்கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு உத்தரவாதமில்லை. குளிரில் வைக்கவேண்டியதைக் கடைக்காரர் வெளித்தட்டில் வைத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். விற்றமின் ஏ, பொற்றாசியம், பொஸ்பேற், "பச்சைக் கீரைத் தூள்" சேர்த்த கலவைகள் சிறுநீரக நோயாளிக்கு உரியவை அல்ல. நீரிழிவும் இருந்தால் சீனி, மோல்டோடெக்ஸ்ட்ரின் (சீனிபோல் இரத்தச் சர்க்கரையை ஏற்றும் மாப்பொருள்) அளவையும் பாருங்கள்.

சிறுநீரகம் மாற்றி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் வைத்திய நிபுணரைக் கேட்காமல் எதையும் வாங்கக்கூடாது. அந்தப் பக்டீரியாவே இரத்தத்தில் தொற்றாகப் போன சம்பவங்கள் உண்டு. கழுத்தில் டயலிசிஸ் குழாய் உள்ளவருக்கு சக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற ஈஸ்ட் வகை கூடவே கூடாது. அவர் பக்கத்தில் வேறொருவருக்காக அந்தக் கப்சூலைத் திறப்பதும் ஆபத்து: பறக்கும் தூள் கையில் ஒட்டி, குழாய் வழியே இரத்தத்துக்குப் போகலாம்.