ஸ்பிரிங் சீசனுக்கு தோட்ட கிளப்ல சேரலாமா?

தாராளமா சேரலாம். பெரிய லெக்சர்லாம் கிடையாது, நேரா மண்ணுல கைய வெக்க சொல்றாங்க. ஒரு பிடி மண்ண எடுத்து இறுக்கி பிடிச்சு விரலால லேசா தட்டுனா உதிரணும், உதிராம களி மாதிரி ஒட்டிக்கிட்டே இருந்தா ஈரம் இன்னும் போகல, அப்ப போய் கொத்துனா மண்ணு கட்டி தட்டிடும்னு காட்டுனாங்க பாருங்க, அது ஒண்ணுக்கே சந்தா குடுக்கலாம். வீட்டுக்குள்ள வளத்த தக்காளி நாத்த ஒரேடியா வெயில்ல தூக்கி வெக்க கூடாதாம், முதல்ல நிழல்ல ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி 7-10 நாள் பழக்கணுமாம், ராத்திரி குளிர் 10 டிகிரிக்கு கீழ போயிட்டு இருக்கிற வரைக்கும் தரையில நடவே வேணாம்னு ஒரு அக்கா கறாரா சொல்லிட்டாங்க. பட்டாணி, முள்ளங்கி மட்டும் முன்னாடியே விதைச்சுக்கலாம், அதுங்க குளிர் தாங்கும்.

குறைன்னா வாட்ஸ்அப் குரூப்தான். ஒரு இலை மஞ்சளானா போதும், எப்சம் உப்பு (செடிக்கு மெக்னீசியம் சத்து குடுக்கிற உப்பு) போடுங்கன்னு ஒருத்தர், மண்ண டெஸ்ட் பண்ணாம எதையும் போடாதீங்கன்னு இன்னொருத்தர் (ரெண்டாவது ஆள் சொல்றதுதான் சரி). அப்புறம் சனி ஞாயிறுல மண்வெட்டி, பூவாளி கைக்கு சிக்கவே சிக்காது, காலையிலயே போயிடுங்க.