ராஜினாமாவா, பணிநீக்கமா?

“நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் கௌரவமாகப் போகலாம்” என்று மேலாளர் சொன்னதும் கை பேனாவைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள்.

ராஜினாமா செய்தால் அடுத்த நேர்காணலில் சங்கடமில்லை, சரி. ஆனால் பிறகு வழக்கு என்று போனால், கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

நிறுவனமே நீக்கினால் காரணம் சொல்ல வேண்டியது அவர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கை (1982), திறன், நடத்தை, நிறுவனத்தின் தேவை ஆகியவற்றில் ஒன்றைச் சார்ந்த தகுந்த காரணம் வேண்டும் என்கிறது. கர்ப்பம், மதம், இனம், தொழிற்சங்க உறுப்பினர் என்பதெல்லாம் காரணமே ஆகாது. பல நாடுகள் இதை ஏற்கவில்லை. உள்ளூர்ச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

வேறு வேலை கையில் இருந்தால் ராஜினாமா நிம்மதி. பாகுபாடு என்று சந்தேகம் வந்தால், வழக்கறிஞரைப் பார்க்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.