கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் வலி மருந்துடன் பன்றிக்குட்டிக் காயடிப்பு: பண்ணைக்கே வந்து செய்யும் சேவை

ஆண் குட்டிகளைக் காயடிக்காமல் வளர்த்தால் இறைச்சியில் கிடா வாடை (ஆண் பன்றியின் வீச்சம்) ஏறிவிடும் என்பதால், பாலக்காட்டு எல்லையில் வெண்பன்றி வளர்க்கும் நாங்கள் அந்த வேலையைத் தவிர்ப்பதில்லை. ஒருவர் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்க, இன்னொருவர் பிளேடால் அறுத்து மஞ்சள் அப்புவதே இங்கு நெடுநாள் வழக்கம். அதை விட்டுவிட்டு, பண்ணைக்கே வரும் தனியார் கால்நடை மருத்துவர் ஒருவரை இப்போது அழைக்கிறோம்.

பிறந்து ஒரு வாரத்துக்குள் காயடித்துவிட வேண்டும் என்கிறார். முதலில் குடலிறக்கம் உள்ள குட்டிகளைத் தடவிப் பார்த்து ஒதுக்கிவிடுகிறார். மற்றவற்றை எடைபோட்டு, இரண்டரைக் கிலோ குட்டிக்கு 1 மில்லிகிராம் என்ற கணக்கில் மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை இன்சுலின் சிரிஞ்சில் எடுத்துக் கழுத்துத் தசையில் போடுகிறார். பிறகு ஒவ்வொரு விதையிலும் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து. மெலாக்சிகாம் பின்னால் வரும் வீக்கத்தையும் வலியையும் தணிக்குமே தவிர, கத்தி படும் வலியைத் தடுக்காது. லிக்னோகெயின் அதைத் தடுக்கும், ஆனால் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். ஆகவே இரண்டும் தேவை. எல்லாவற்றையும் விட நான் மதிப்பது அவர் காத்திருப்பதைத்தான். ஊசி போட்ட கையோடு அறுத்தால், குட்டிக்கு அறுக்கும் வலியோடு ஊசி வலியும் சேர்ந்ததுதான் மிச்சம். அவரோ மருந்து பிடிக்கும் வரை கத்தியைத் தொடுவதில்லை. அதுவரை குட்டிகள் வைக்கோல் பரப்பிய கூடையில், தாய்க்குச் சத்தம் கேட்காத தொலைவில் இருக்கின்றன.

பலனைக் கொட்டிலில் கண்டேன். முன்பெல்லாம் குட்டிகள் முதுகைக் குறுக்கி, நடுங்கியபடி மூலையில் நிற்கும். இப்போது விட்டதும் நேராகத் தத்தம் காம்பைத் தேடிப் போகின்றன.

1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விதித்த முறையில் செய்யும் காயடிப்புக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. மரப்பு மருந்தைக் கேட்கும் விதிகள் 2023இல்தான் வந்தன. அதே ஆண்டு, பிணந்தின்னிக் கழுகுகளைக் காக்கக் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட கீட்டோபுரோஃபென் என்ற வலி மருந்தை அவர் தொடுவதில்லை என்பதும் எனக்கு நிறைவளிக்கிறது.

குறையும் உண்டு. குட்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவதால், சிறு பண்ணைக்காரருக்கு அது கனமான செலவுதான். சொன்ன நாளில் வராமல் ஒருமுறை தள்ளிப்போட்டதில் குட்டிகளுக்கு வயது கூடிவிட்டது. அழைப்பவர்கள், பன்றி குட்டி போடும் தேதியை முன்பே சொல்லிவைத்து, அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களோடு சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் பயணச் செலவையாவது பங்கிட்டுக்கொள்ளலாம்.