மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகு: சர்க்கரை நோயாளிக்குத் துணைநிற்க எந்த வழி சிறந்தது?

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்குவதற்காக ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏறியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை இந்தப் பகுதியினர் நன்கு அறிவர். இருபது வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உள்ள மாநிலத்தில் (2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி 14.4 விழுக்காடு) மாத்திரை தடையின்றிக் கிடைப்பதுதான் முதற்படி. ஆனால் தன்னார்வலர் வந்துபோன பின், அடுத்த வருகை வரையிலான நாட்களில் எவ்வளவு உண்பது, எப்போது உண்பது, மயக்கம் வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் நோயாளி மட்டுமே. அந்த முடிவுகளுக்குத் துணைநிற்கும் வழிகள் எவை, அவற்றில் கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களுக்கும் ஏற்றது எது என்பதே இங்கு அலசப்படுகிறது.

வீடு தேடி வரும் தன்னார்வலரின் பெரும் பலம் அவர் அதே ஊர்க்காரர் என்பதுதான். மருத்துவரிடம் சொல்லத் தயங்குவதைக்கூட அவரிடம் சொல்வார்கள். எனினும் அவர் ஒரே நாளில் பல வீடுகளுக்குச் செல்ல வேண்டியிருப்பதால், அளவு பார்த்து மாத்திரை கொடுத்ததும் கிளம்பிவிட நேர்கிறது. விளக்கிச் சொல்ல ஆசை இருந்தாலும் நேரம் இருப்பதில்லை.

இரண்டாவது வழி, வீட்டிலேயே குளுக்கோமீட்டர் வைத்துக்கொள்வது. கருவியை ஒருமுறை வாங்கினால் போதும், பரிசோதனைப் பட்டைகளுக்கோ தொடர்ந்து செலவு செய்ய வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் இன்சுலின் போடாத 450 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் அளவு பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் ஓராண்டு முடிவில் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியில் (எச்பிஏ1சி) குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எண்ணைப் பார்த்தபின் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் அந்த எண் கவலையை மட்டுமே கூட்டும். அதற்காகக் கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்சுலின் போடுவோருக்கும், சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தக்கூடிய கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை உண்போருக்கும் அது பாதுகாப்பின் ஒரு பகுதி. காலையில் மாத்திரை போட்டுவிட்டு, உணவைத் தள்ளிப்போட்டு, தக்காளி பறிக்கப் போகிறவருக்குக் கை நடுங்கி வியர்த்தால், அளவு 70-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கவும், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் குடித்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவும் கருவி உதவும். கருவி கையில் இல்லையென்றால் அளவு பார்க்கக் காத்திராமல் சர்க்கரையைக் குடித்துவிட வேண்டும்.

மூன்றாவது, கைபேசிச் செய்தி. தென்னிந்தியாவில் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 537 ஆண்களிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், உணவு, நடை பற்றிய குறுஞ்செய்திகளைப் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் இரண்டாண்டுகளில் சர்க்கரை நோய் வந்தது. அது தடுப்பு பற்றிய ஆய்வு என்றாலும், ஓசூரில் மாறிமாறி ஷிப்ட் பார்ப்பவருக்கும் பெங்களூருவில் கட்டட வேலைக்குச் சென்றவருக்கும் எட்டக்கூடிய வழி இதுவே. வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளிலும், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னட வீடுகளிலும், சொந்தக் கைபேசி இல்லாத முதிய பெண்களிடமும் தமிழ்ச் செய்தி எவ்வளவு தூரம் போகும் என்பது எனக்கு ஐயமே.

நான்காவது வழியான குழு அமர்வைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். இங்கிலாந்தில் இதை இரு விதமாகச் செய்து பார்த்தார்கள். புதிதாக நோய் கண்டறியப்பட்ட 824 பேரைக் கொண்டு 2008-இல் வெளியான டெஸ்மண்ட் ஆய்வில், மொத்தம் ஆறு மணி நேரப் பயிற்சி பெற்றவர்களுக்கு எடை குறைந்தது, மனச்சோர்வும் தணிந்தது; ஆனால் ஓராண்டில் மூன்று மாதச் சராசரியில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. 2006-இல் வெளியான எக்ஸ்பர்ட் ஆய்வில், வாரம் ஒன்றாக இரண்டிரண்டு மணி நேரம் ஆறு அமர்வுகளில் கலந்துகொண்டவர்களுக்குப் பதினான்கு மாதங்களில் அந்தச் சராசரி 0.6 விழுக்காட்டுப் புள்ளி இறங்கியது. இரண்டிலும் பங்கேற்றவர்கள் ஒரே வகையினர் அல்லர் என்பதால் நேருக்கு நேர் எடைபோடுவது முறையன்று. ஆயினும் வீட்டில் செய்து பார்த்து, தவறி, அடுத்த வாரம் வந்து கேட்க வாய்ப்பிருப்பது பெரிய வேறுபாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

களியை எடுத்துக்கொள்வோம். 2023 முதல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் குடும்ப அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது நல்ல செய்தி. ஆனால் 'கேழ்வரகு சுகருக்கு நல்லது' என்ற ஒரு வரியை மட்டும் கேட்டுவிட்டு இரண்டு பெரிய உருண்டை உண்பவர்கள் உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. உருண்டை பெரிதானால் சர்க்கரையும் ஏறும். ஊர்ச் சாவடியில் பத்துப் பேர் கூடி, அவரவர் வீட்டு உருண்டையைக் காட்டி, அதைப் பாதியாக்கிக் கீரைக் கடைசலையும் அவரைக்காயையும் கூட்டி, பொதுக் கருவி ஒன்றில் உண்பதற்கு முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தால், நூறு அறிவுரைகள் சொல்லாததை அந்த இரு எண்கள் சொல்லிவிடும். களி கிண்டுபவரும் உடனிருந்தால்தான் இது வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இதற்குப் புதிய ஆட்கள் தேவையில்லை. தன்னார்வலரே ஆட்களைக் கூட்டலாம், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் வந்து நடத்தலாம். வெளியூர் வேலைக்குப் போன ஆண்களுக்காக ஓர் அமர்வையாவது ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும். ஒரு அமர்வு முழுவதையும் பாதங்களுக்கு ஒதுக்க வேண்டும், ஏனெனில் வெறுங்காலோடு வயலில் இறங்குபவருக்கு உணர்ச்சி மரத்த பாதத்தில் முள் ஏறியது தெரியாமலே புண் ஆழப்பட்டுவிடும். அதற்குத் தேவை ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடி மட்டுமே. குனிய முடியாத முதியவர் அதைத் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வோர் இரவும் தன் உள்ளங்காலைத் தானே பார்த்துக்கொள்ளலாம்.